முதல் 40 நிமிடத்தை வெட்டச் சொல்பவர்களுக்கு

திரைப்பட விழாக்களின் தேர்வுக் குழுக்களில் இருப்பவர்களுக்கும், ஓடிடி தளங்களுக்குப் படம் பார்த்து வாங்குபவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு படத்தொகுப்பாளர். 16 வருடமாக இதுதான் வேலை. பெரிய படங்களில் உதவியாளராக இருந்திருக்கிறேன், விளம்பரங்கள் வெட்டியிருக்கிறேன், வருகிற வேலையை எல்லாம் செய்திருக்கிறேன். கடைசி இரண்டு வருடத்தில் மனசோடு செய்தது ஒரே ஒரு சின்னப் படம். பிரிந்துவிட்ட கணவனும் மனைவியும் சாமான்களைப் பிரித்துக்கொள்வதற்காகப் பழைய வீட்டில் ஒரு ராத்திரி சேர்ந்து இருக்க வேண்டி வருகிறது. அந்த ராத்திரி அதே வீட்டுக்குள் இன்னொருவனும் இருக்கிறான். கதை அவ்வளவுதான். அதை உறவுப் படம் என்றும் சொல்லலாம், ஸ்லாஷர், அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிக் கொல்லும் திகில் படம், என்றும் சொல்லலாம். எடுத்தவர்களுக்கு இரண்டும் வேறு வேறாகத் தோன்றவே இல்லை.

ஆனால் பதில்கள் அப்படி வரவில்லை. ஒரு விழாவிலிருந்து வந்த கடிதத்தில், தம்பதிக்கு இடையிலான காட்சிகள் மிக நுட்பமாக இருக்கின்றன, ஆனால் இரண்டாம் பாதியில் படம் கொலைப் படமாகத் தடம் மாறிவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். படம் வாங்கும் ஒரு நிறுவனத்தார் நேர் எதிராகச் சொன்னார்கள். கொலைகள் பிரமாதமாம், முதல் 40 நிமிடம் சும்மா பேசிக்கொண்டே இருக்கிறார்களாம், அதைப் பத்து நிமிடமாகக் குறைத்துத் தந்தால் யோசிக்கலாமாம். மூன்றாவது இடத்திலிருந்து காரணம் எதுவும் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு அனுப்பிய லிங்க் எத்தனை நிமிடம் ஓடியது என்று எங்களுக்குத் தெரியும். 11 நிமிடம். ஸ்க்ரீனர் லிங்க், அதாவது தேர்வுக்காகப் படம் பார்க்கத் தரும் இணைய இணைப்பு, அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்துவிடும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். ஒரு படத்தில் இரண்டு வருடம் உழைத்த ஒருவர் ஏதோ ஒரு ராத்திரியில் அந்த எண்ணைத் திறந்து பார்க்கிறார்.

இந்த மடல் அந்த ஒரு படத்துக்கு இன்னொரு வாய்ப்பு கேட்பதற்காக இல்லை. படம் பிடிக்காமல் போவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. நான் பேச வந்தது ஒரு பழக்கத்தைப் பற்றி. உறவையும் கொலையையும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்கும் சின்னப் படங்கள் வரும்போதெல்லாம், இதில் ஏதாவது ஒன்றை எடுத்துவிடு என்று கேட்கிற பழக்கம். அப்படி எடுக்க முடியாது. ஏன் முடியாது என்பதை எனக்குத் தெரிந்த ஒரே வழியில், எடிட்டிங் மேசையிலிருந்து, காட்டப் பார்க்கிறேன்.

எங்கள் படத்தின் 9வது நிமிடத்தில் ஒரு காட்சி. பிரிந்து மூன்று மாதம் கழித்துக் கணவன் அந்த வீட்டுச் சமையலறைக்குள் வருகிறான். டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரிக்க வேண்டும். அவன் கை தானாக அடுப்புக்கு இடப்பக்கம் இருக்கிற மேல் இழுப்பறைக்குப் போகிறது. திறந்தால் மடித்து வைத்த துடைக்கும் துணிகள்.

"கத்தியெல்லாம் எங்க?"

"இடம் மாத்திட்டேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

அவள் எதிர்ப்பக்கம் கீழ் இழுப்பறையைத் திறந்து, கத்தியை எடுத்து, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டுகிறாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறான். மொத்தம் 52 விநாடி.

இந்த 52 விநாடிக்கு நான்கு நாள் ஆனது. முதலில் அந்தத் துணிகளுக்கு ஒரு க்ளோஸப் வைத்திருந்தேன். இயக்குநர் அதைப் படம் பிடித்திருந்தார், இருக்கிறதே என்று நானும் போட்டேன். போட்டுப் பார்த்ததும் தப்பு தெரிந்தது. 'இதைக் கவனி, பின்னால் வேலை இருக்கிறது' என்று பார்க்கிறவரின் தாடையைப் பிடித்துத் திருப்புவது போல இருந்தது. எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் நிற்கிற அகலமான ஷாட்டிலேயே காட்சியை முடித்தேன். இப்போது பார்க்கிறவர் துணியையோ கத்தியையோ ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இவள் இவன் இல்லாமல் வாழப் பழகிவிட்டாள் என்பது மட்டும் மனதில் பதிகிறது. இழுப்பறை அந்த வலிக்குள்ளே போய் ஒளிந்துகொள்கிறது.

71வது நிமிடத்தில் வீட்டில் விளக்கு இல்லை. அவனுக்குத் தொடையில் காயம். கொலைகாரன் நடைவழியில் நிற்கிறான். இவன் தவழ்ந்து சமையலறைக்குள் வந்து, எழ முடியாமல் கையை மட்டும் மேலே நீட்டுகிறான். எங்கே நீட்டுகிறான்? அடுப்புக்கு இடப்பக்கம், மேல் இழுப்பறை. 12 வருடப் பழக்கம். உள்ளே துணிதான் இருக்கிறது.

நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று இருபது பேருக்கு ஒருமுறை போட்டுக் காட்டினோம். அந்த இடத்தில் யாரும் அலறவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல, "ஐயோ, அங்க இல்ல" என்றார். என் வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். 9வது நிமிடத்தில் பார்த்ததை அவர் 71வது நிமிடம் வரை தனக்கே தெரியாமல் சுமந்து வந்திருக்கிறார்.

அதோடு முடியவில்லை. அவள் பக்கத்து அறையில் ஒளிந்திருக்கிறாள். இழுப்பறை திறக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. எந்த இழுப்பறை என்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும், அது அவள் வீடு. கத்தி எங்கே இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டுமானால் வாய் திறக்க வேண்டும். வாய் திறந்தால் அவள் இருக்கிற இடம் நடைவழியில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். அந்த ராத்திரிக்கு முன் மூன்று மாதம் அவனோடு ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது பேசத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்கிற முகத்தை 14 விநாடி அசையாமல் வைத்திருக்கிறோம். அந்த 14 விநாடியை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள், உறவா, ஸ்லாஷரா? முதல் 40 நிமிடத்தைப் பத்தாக்கினால் அங்கே மிச்சம் இருப்பது காயம்பட்ட ஒருவன், ஒரு துணி, பயந்த ஒரு முகம். அதற்கு யாரும் 'அங்க இல்ல' என்று சொல்லமாட்டார்கள்.

11 நிமிடத்தில் படத்தை நிறுத்தியவர் அந்த இழுப்பறையைப் பார்த்துவிட்டார். பார்த்தது என்னவென்றுதான் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

இது ஏதோ புதுசாக முளைத்த கலவை என்கிற மாதிரிப் பேசுவதும் சரியில்லை. ஸ்லாஷர் என்ற பெயரே இல்லாத 1960இல் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 'சைக்கோ'வை எடுத்தார். குளியலறைக் காட்சியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். படம் எப்படித் தொடங்குகிறது? ஒரு வெள்ளிக்கிழமை மதியம் 2.43 மணி என்று திரையில் எழுத்து வருகிறது. ஓட்டல் அறையில் ஒரு ஜோடி. மதிய இடைவேளையில் திருட்டுத்தனமாகச் சந்திக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ள ஆசை, ஆனால் அவன் தலையில் அப்பாவின் கடனும் முன்னாள் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சமும். அவள் முதலாளியிடமிருந்து 40,000 டாலரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது இந்த உறவை ஒரு கரை சேர்க்கத்தான். அந்தக் குளியலறைக்கு வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் முடிவெடுத்த பிறகு, மனசு லேசாகிக் குளிக்கப் போகிறாள். அந்த முடிவுக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியது காதலும் கடனும். கத்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் 11 நிமிடத்தை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அது திகில் படம் என்றுகூடத் தெரியாது.

ஹிட்ச்காக்குக்கு இது தெரிந்திருந்தது. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரர்களிடம் கறாராகச் சொல்லிவைத்தார். அன்றைக்குப் பாதியில் நுழைகிற பழக்கம் இருந்தது. இன்றைக்குப் பாதியில் வெளியேறுகிற பழக்கம் இருக்கிறது.

1974இல் கனடாவில் பாப் கிளார்க் எடுத்த 'பிளாக் கிறிஸ்துமஸ்' இன்னும் நெருக்கமான உதாரணம். 50 வருடம் ஆன படம், முடிவைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மாணவிகள் விடுதிக்கு ஆபாசமான தொலைபேசி அழைப்புகள் வருகின்றன, பரணில் ஒருவன் ஒளிந்திருக்கிறான், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இதற்கு நடுவே ஜெஸ் என்ற பெண் கர்ப்பமாக இருக்கிறாள், கலைத்துவிட முடிவு செய்திருக்கிறாள். காதலன் பீட்டர் அதை ஏற்கவில்லை. கல்யாணம் செய்துகொள்வோம் என்று அவன் அடம்பிடிக்க, அவள் முடியாது என்கிறாள். பியானோ வாசிக்கிற அவன் அந்தப் பியானோவையே அடித்து நொறுக்குகிறான். கடைசியில் இருட்டான நிலவறையில் பீட்டர் அவளை நோக்கி வருகிறான். அவன்தான் கொலைகாரன் என்று அவள் நம்புகிறாள், நாமும் நம்புகிறோம், போலீஸும் நம்புகிறது. அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். பரணில் இருப்பவன் பரணிலேயே இருக்கிறான். தொலைபேசி மறுபடியும் மணி அடிக்கிறது.

அந்த முடிவு ஏன் இன்னும் குளிரடிக்க வைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தன் உடம்பைப் பற்றி எடுத்த முடிவுக்காக ஒருவன் அவ்வளவு கோபப்பட்டால், அவன் கொலைகாரனாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதில் என்ன அநியாயம் இருக்கிறது? முகம் தெரியாத ஒருவனுக்கும் முகம் தெரிந்த காதலனுக்கும் அவளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. திகில் அந்த இடைவெளியில் இருக்கிறது. கர்ப்பத்தையும் கல்யாணப் பேச்சையும் தொய்வு என்று அன்றைக்கு யாராவது வெட்டியிருந்தால் பரணில் ஒளிந்திருக்கும் ஒரு பைத்தியக்காரன் மட்டும்தான் மிஞ்சியிருப்பான்.

2008இல் வந்த 'தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்' இதையே வேறு திசையிலிருந்து செய்தது. காதலன் கேட்கிறான், அவள் கல்யாணத்துக்கு மறுத்துவிடுகிறாள். சரி என்பாள் என்று நம்பி அவன் ரோஜா இதழ் எல்லாம் தூவி அலங்கரித்து வைத்த வீட்டுக்கே இருவரும் திரும்பி வர வேண்டியதாகிறது. எங்கே உட்காருவது, என்ன பேசுவது என்று தெரியாத அந்த ராத்திரியில்தான் கதவு தட்டப்படுகிறது. முகமூடிக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது.

இப்போது உங்கள் பக்கமிருந்து யோசித்துப் பார்க்கிறேன். வந்து குவிகிற படங்களில் தம்பதிகள் வாய்ச்சண்டை போடும் எத்தனையோ காட்சிகள் நிஜமாகவே நேரத்தை நிரப்புவதற்காக இருக்கின்றன. நானே அப்படிப்பட்டவற்றை எடிட் செய்திருக்கிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. ரத்தம் வருகிற ஒரு ஷாட் சின்னப் படத்தில் எவ்வளவு நேரம் தின்னும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. ஒரே சட்டை நான்கு வாங்க வேண்டும். ஒரு டேக் சரியில்லை என்றால் நடிகரைக் கழுவி, தரையைத் துடைத்து, சட்டை மாற்றி, முந்தைய காயம் இருந்த இடத்திலேயே மறுபடி ஒப்பனை போட்டு நிறுத்த ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குள் ராத்திரி முடிந்துவிடும். இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து சண்டை போடுவதை அதே நேரத்தில் திரைக்கதையில் ஆறு பக்கம் எடுத்துவிடலாம். அதனால் பணமில்லாதவர்கள் பேச்சைப் போட்டு நிரப்புகிறார்கள். அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புங்கள், நியாயம்தான்.

எது நிரப்பல், எது இல்லை என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. சண்டைக் காட்சியை மொத்தமாக எடுத்துவிட்டு அடுத்து வருகிற கொலையை ஓட்டிப் பார்ப்பேன். கொலை அதே அளவு வேலை செய்தால் சண்டை வீண். கொலை திடீரென்று யாரோ யாரையோ வெட்டுவதாக மாறிவிட்டால், அந்தச் சண்டைக்குள்தான் கொலையின் உயிர் இருந்திருக்கிறது. இதைத் திருப்பியும் செய்து பார்க்கலாம். கொலைகாரனை எடுத்துவிட்டால் அந்தத் தம்பதியின் பிரச்சினை அவர்களாகவே பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியதாக இருந்தால், கொலைகாரன் வெறும் அலங்காரம். அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லவே முடியாத ஒன்றை அவன் வந்ததால்தான் சொல்ல நேர்ந்தது என்றால், அவன் அங்கே இருந்தே ஆக வேண்டும். ஆனால் 11 நிமிடத்தில் நிறுத்தினால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

பணமில்லாததே சில நேரம் நல்ல வழியைத் திறந்துவிடும் என்பதும் உண்மை. 1978இல் ஜான் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் 'ஹாலோவீன்' எழுதி எடுத்தபோது கையில் இருந்தது சுமார் 3 லட்சம் டாலர். 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி வெள்ளை பெயின்ட் அடித்துக் கொலைகாரனுக்கு மாட்டினார்கள். ரத்தம் ரொம்பக் குறைவு. தொடக்கக் கொலை முடிந்த பிறகு அடுத்த கொலை திரையில் நடக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை பள்ளித் தோழிகள் நடக்கிறார்கள், காரில் போகிறார்கள், யாரை நடனத்துக்குக் கூப்பிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த மூன்று பெண்களை நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால்தான் புதருக்குப் பக்கத்தில் ஒரு உருவம் நிற்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான படங்கள் அந்தப் படத்திலிருந்து கத்தியையும் முகமூடியையும் எடுத்துக்கொண்டன. தோழிகள் பேசிக்கொண்டு நடந்த தெருவை விட்டுவிட்டன.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம்.

ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023இல் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள். ஒரு நாளைக்கு 140 பேர். அந்த ஆண்டு வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகளில் இது 60 சதவீதம். முகமூடி போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக வந்தவன் அல்ல பெரும்பாலும் அவர்களைக் கொன்றது. கத்தி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரிந்தவன்.

ஸ்லாஷர் படம் பல வருடமாக இந்த உண்மையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் நேராகப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவன்தான் ஆபத்து, வீட்டுக்குள் இருப்பவன் காப்பாற்றுவான் என்ற நினைப்பை அது எளிதாக ஊட்டிவிடும். காதலர்களின் பிரிவையும் கொலைகாரனையும் ஒரே வீட்டில் வைக்கிற சின்னப் படங்கள்தான் அந்த நினைப்பை உடைக்கக் கூடியவை. எங்கள் படத்தில்கூட, விளக்கு அணைந்ததும் அவள் முதலில் பயப்படுவது தன் கணவனைப் பார்த்து. 'நீதானே?' என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியில் மூன்று கேள்வி இருக்கிறது. அந்த வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த நடிகை 'தானே' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்னை என்னவோ செய்யும். அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்பதற்கான பதில் முதல் 40 நிமிடத்தில் இருக்கிறது. அவன் அவளை அடித்ததில்லை. ஆனால் ஒருமுறை கதவை வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதை விளையாட்டு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கலவையைத் தவறாகச் செய்கிற படங்கள் இருக்கின்றன. அவளை உயிராக நேசித்தான், அதனால் கொன்றான் என்று கொலைகாரனுக்கு வயலின் வாசிக்கிற படங்கள். நிராகரித்த பெண்ணைத் தண்டிப்பதற்காகவே எழுதப்பட்ட படங்கள். அவற்றை நீங்கள் தூக்கிப் போடும்போது நானும் உங்கள் பக்கம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் உறவுக் காட்சிகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். யார் பேசும்போது கேமரா யார் முகத்தில் இருக்கிறது, யாருடைய பயத்தோடு நாம் அறைக்குள் நுழைகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கேரல் க்ளோவர் ஸ்லாஷர் படங்களைப் பற்றி 1987இல் எழுதிய கட்டுரையில் 'ஃபைனல் கேர்ள்' என்று பெயர் வைத்தபோது செய்ததும் அதைத்தான். கடைசியில் உயிரோடு இருக்கிற பெண்ணின் கண் வழியாகத்தான் பார்வையாளர், ஆண்கள் உட்பட, படத்தைப் பார்த்து முடிக்கிறார்கள் என்று காட்டினார். எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

உங்களில் விழாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். திகில் படங்களுக்கென்று நீங்கள் செய்து தந்திருப்பது கொஞ்சமல்ல. ஸ்பெயினில் சிட்ஜெஸ் விழா 1968லிருந்து நடக்கிறது. டொரொன்டோ விழாவில் நள்ளிரவுப் பிரிவு 1988லிருந்து இருக்கிறது. மான்ட்ரியலில் ஃபான்டேசியா 1996லிருந்து. இவை இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் போக்கிடமே இருந்திருக்காது, அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நள்ளிரவுப் பிரிவு என்று ஒன்று வந்த பிறகு, மற்ற விழாக்களின் முதன்மைப் பிரிவுக்காரர்கள் ரத்தத்தைப் பார்த்ததும் 'இது அங்கே போகட்டும்' என்று தள்ளிவிடுகிறார்கள். நள்ளிரவுக்காரர்கள் சமையலறைப் பேச்சைப் பார்த்ததும் 'இது பகல் காட்சிக்கான படம்' என்கிறார்கள். நடுவில் விழுந்து கிடக்கிற படங்கள் எத்தனை என்று யார் எண்ணுவது? 2021இல் கேன்ஸ் நடுவர்கள் ஜூலியா டுகூர்னோவின் 'டைட்டேன்' படத்துக்கு அந்த விழாவின் உச்ச விருதான தங்கப் பனை கொடுத்தார்கள். தொடர் கொலை செய்கிற ஒரு பெண், தீயணைப்புப் படைத் தலைவர் ஒருவரின் காணாமல் போன மகனாக வேடம் போட்டு அவர் வீட்டில் தங்குகிறாள்; கொலையில் தொடங்கிய படம் தகப்பன் பாசத்துக்குள் போய் நிற்கிறது. தடம் மாறிவிட்டது என்று அங்கே யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த மனசு பெயர் தெரியாத முதல் படக்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு: முதல் சில நிமிடத்தில் ஒரு கொலை இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் வேறு படத்துக்குப் போய்விடுவார்கள் என்று உங்கள் தரப்பில் ஒரு கவலை இருப்பது தெரியும். அதற்காக நாங்களும் தொடக்கத்தில் ஒரு கொலையைச் செருகிப் பார்த்தோம். மூன்று நாள் அந்த வடிவத்தோடு இருந்தேன். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு வீடு, ஒரு கத்தி. அதை முன்னால் வைத்ததும் அடுத்து வருகிற தம்பதியின் பேச்சு முழுவதையும் பார்க்கிறவர் 'எப்போது வருவான்' என்று கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர்கள் பேசியது யார் காதிலும் விழவில்லை. அந்தக் கொலையை எடுத்துவிட்டோம். இப்போதிருக்கிற வடிவத்தில் பயம் தொடங்குவது அந்தப் பூட்டிய கதவுப் பேச்சில்தான், எந்தக் கொலைகாரனும் வருவதற்கு முன்னால்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இந்த மாதிரிப் படம் வந்தால் குழுவில் ஒருவராவது கடைசி வரை பாருங்கள். நேரமில்லை என்றால் நேரமில்லை என்றே எழுதுங்கள். பார்க்காத பாதியைப் பற்றிக் கருத்து எழுதாதீர்கள். 'முதல் பாதியைக் குறை' என்று சொல்வதற்கு முன்னால், கடைசிக் கொலையின்போது உங்களுக்கு யார் மேல் அக்கறை இருந்தது, அந்த அக்கறை எந்த நிமிடத்தில் வந்தது என்று ஒருமுறை பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்புறம், படத்தை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் முழித்தால், அந்த முழிப்பையே ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். திகிலுக்கு ஒருவரும் உறவுப் படத்துக்கு ஒருவருமாக உங்கள் குழுவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் படத்தின் லிங்க் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, கடவுச்சொல்லும் மாறவில்லை. உங்களில் யாரிடமாவது அது இருந்தால், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, 12வது நிமிடத்திலிருந்து தொடருங்கள். கத்தி எங்கே இருக்கிறது என்று அவள் சொல்கிறாளா என்பதை இந்த மடலில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்